வில் நகரத்து ஞாயிற்றுக்கிழமை ஐயர்

மந்திரம் சொல்லும் தொழிலில் ஒரு வசதி உண்டு, பிழை விட்டால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு கரைச்சலும் உண்டு, சரியாகச் சொன்னாலும் தெரியாது.

எண்பதுகளில் நான் அகதியாக சுவிஸுக்கு வந்தேன். அப்பா யாழ்ப்பாணத்தில் கோயில் குருக்கள். அவர் பக்கத்தில் இருந்து காதால் கேட்டு மனனம் செய்ததுதான் என் படிப்பு. 'என்ன தொழில் தெரியும்?' என்று இங்கே கேட்டார்கள். 'பூசை' என்றேன். வில் நகரத்தில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அந்த வட்டாரத்தில் வேறு ஐயர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய தொழிலுக்கு ஆள் தேடி வந்தார்கள். கிழமை நாட்களில் ஏப்ரன், ஞாயிறில் வேட்டி. இப்படி இரண்டு உத்தியோகம் பார்த்து இரண்டிலும் ஏச்சு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

சோஸுக்கு ஒரு மந்திரம்

மந்திரத்தை நாள்தோறும் சொல்லிப் பழகாவிட்டால் அது கழன்றுபோகும். என் அறையில் கூட இருந்த பெடியள் வேலை முடிந்து வந்து விடியவிடியத் தூங்குபவர்கள். அங்கே வாய் திறந்தால் தலையணை பறந்து வரும். ஆகவே கோப்பை கழுவும் இடத்தில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? ருத்ரத்துக்குச் சட்டி தேய்ப்பது நல்ல தாளம். சமகத்தில் 'ச மே, ச மே', அதாவது 'இதுவும் எனக்கு, அதுவும் எனக்கு' என்று வரும் இடத்தில் கை தானாக வேகம் பிடிக்கும். அடிப்பிடித்த சட்டிகளை நான் சமகத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

தலைமைச் சமையல்காரர் வெர்னர் ஒருநாள் பின்னால் வந்து நின்றார். பெரிய மீசை, பெரிய வயிறு, கையில் கரண்டி. "என்னைத் திட்டுறியோ?" என்று கேட்டார். "இல்லை ஷெஃப், கடவுளிட்டைக் கேக்கிறன்" என்றேன். என்ன கேட்கிறாய் என்றார். சமகத்தில் உள்ளதைச் சொன்னேன்: அரிசி வேண்டும், கோதுமை வேண்டும், பால் வேண்டும், நெய் வேண்டும், தேன் வேண்டும். அவர் யோசித்துவிட்டு, "இது ஜெபம் இல்லை, திங்கட்கிழமைச் சாமான் ஓடர்" என்றார்.

ஆனால் அன்றைக்கு அவர் வைத்த வெண்ணெய் சோஸ் பட்டுப்போல வந்துவிட்டது. அன்று தொடங்கிச் சனிக்கிழமைகளில் சோஸ் வைக்கும் நேரம் என்னைக் கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பார். நானும் ஈரக்கையோடு நின்று சொல்வேன். ஒரு சனிக்கிழமை, உணவகம் நிறைந்த நேரம், சோஸ் திரைந்து போனது. வெர்னர் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, சர்மா என்ற என் பேரைத் தன் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டுக் கத்தினார்:

"ஷார்மா! இண்டைக்கு எதைக் கேக்க மறந்துபோனாய்? வெண்ணெயையோ?"

மேருவுக்கு எந்தப் பக்கம்?

எந்தப் பூசையென்றாலும் முதலில் சங்கல்பம். யார், எப்போது, எந்த இடத்தில் இருந்து செய்கிறார் என்று சாமிக்கு அறிவிக்கும் வேலை அது. 'ஜம்புத்வீபே, பாரதவர்ஷே, பரதகண்டே, மேரோர் தக்ஷிணே பார்ச்வே' என்று வாய் தன்பாட்டில் ஓடும். மேருமலைக்குத் தெற்குப் பக்கம் என்று அர்த்தம்.

கனகசபை மாஸ்ரர் ஊரில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர். வில்லில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர உதிரிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. மனைவி வந்து சேர்ந்ததும் புது வீடு எடுத்து, பால் காய்ச்ச என்னைக் கூப்பிட்டார். நான் 'தக்ஷிணே' என்றதும் வகுப்பில் பிள்ளை எழும்புவதுபோலக் கையை உயர்த்தினார்.

"ஐயா, ஒரு நிமிசம். மேரு எண்டது இமயமலைப் பக்கம். நாங்கள் அதுக்கு வடமேற்கை இருக்கிறம். தெற்கு எண்டு சொன்னால் சாமி நேரே இந்தியாவுக்கெல்லே போயிடும்?"

"ஐயா சொல்லுறதைச் சொல்லட்டுமப்பா, பால் பொங்கப்போகுது" என்றார் மனைவி. மாஸ்ரர் கேட்கவில்லை. உள்ளே போய் அட்லசைக் கொண்டுவந்து கும்பத்துக்குப் பக்கத்தில் விரித்தார். பக்கம் மடங்கியது. அதன் மூலைக்குப் பாரமாக மஞ்சள் பிள்ளையாரைத் தூக்கி வைத்தார். நானும் அவரும் குனிந்து ஆராய்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: 'யூரோப கண்டே, ஆல்ப்ஸ் பர்வதஸ்ய உத்தரே பார்ச்வே, தூர் நதி தீரே, வில் நகரே.' அப்பா கேட்டிருந்தால் பூணூலாலேயே அடித்திருப்பார். ஆனால் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. இதற்குள் பால் பொங்கி மின்னடுப்பு முழுக்க வழிந்து புகைந்துகொண்டிருந்தது. மனைவி துணியோடு ஓடினார். நான் அடுத்த மந்திரத்துக்குப் போகப் பார்த்தேன். மாஸ்ரர் விடவில்லை. தெருவின் பெயரையும் மாடியையும் சொல்லச் சொன்னார், சொன்னேன். அஞ்சல் இலக்கத்தையும் சமஸ்கிருதத்தில் சொல்லச் சொன்னார். அதுவும் வேண்டுமோ என்று கேட்டேன்.

"போஸ்ட் கோட் இல்லாட்டி இந்த நாட்டிலை ஒரு கடிதம்கூட வந்து சேராது, ஐயா. சாமி மட்டும் எப்பிடி வாறது?"

சீஸ் இல்லாத அடுப்பு

சீஸுக்குப் பேர்போன ஃப்ரிபூர்க் நகரத்தில் ராசன் என்றொரு பெடியன், ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு வேலை. அவனுடைய பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாள். சின்னதாய் ஒரு கணபதி ஹோமம் செய்வோம் என்றான். ஹோமகுண்டத்துக்கு எங்கே போவது? சீஸையும் வைனையும் உருக்கி ஃபொண்டூ காய்ச்சுகிற அடுப்பும் சட்டியும் வைத்திருந்தான். சட்டிக்குள் மணலைக் கொட்டி, சுள்ளி அடுக்கி, நெய் வார்த்து நான் 'ஸ்வாஹா' சொல்லத் தொடங்கினேன். நெருப்பு நல்ல பவ்வியமாக எரிந்தது. புகைதான் பவ்வியமாக இல்லை. திறந்த யன்னலால் அது போய்க் கீழ்வீட்டு மதாமுக்கு வணக்கம் சொல்ல, அவர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

கதவைத் திறந்த ராசனின் முகத்தில் இரத்தம் இல்லை. அகதி வழக்கு இன்னும் முடியாதவன். தீயணைப்புக்குப் பின்னால் பொலிஸ் வரும், பொலிசுக்குப் பின்னால் விமானம் வரும் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். மனைவி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். எனக்கோ பூர்ணாகுதி கொடுத்து ஹோமத்தை முடிக்குமுன் எழும்ப முடியாது. கண்ணால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாயால் மந்திரத்தை ஓட்டினேன். வந்த தீயணைப்புப் பெரியவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சட்டியைச் சுற்றி வந்தார். ராசன் நடுங்கிய பிரெஞ்சில் மொழிபெயர்த்தான். உள்ளே என்ன? மணல். மேலே? நெய். சீஸ்? இல்லை. வைன்? சிவசிவா, இல்லவே இல்லை. அவர் மற்ற யன்னலையும் திறந்துவிட்டு, நான் முடிக்கும்வரை மரியாதையாக நின்றார். பிறகு பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். ஒன்றும் எழுதவில்லை. படியிறங்கும்போது மட்டும் ராசனிடம் மனவருத்தத்தோடு சொன்னார்:

"புகை எனக்குப் பிரச்சினை இல்லை, மிஸ்யூ. ஃபொண்டூ அடுப்பைக் கொளுத்திப்போட்டு சீஸ் இல்லையெண்டு சொல்லுறீங்கள் பாருங்கோ, அதுதான் ஃப்ரிபூர்க்கிலை குற்றம்."

முடிவு தெரிந்த பூசை

ரயிலில் கும்பத் தண்ணீர் கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரக் கனவானின் மடியில் ஊற்றிய பிறகு, என்னை எல்லா இடமும் காரில் ஏற்றிப் போனவன் அன்ரன். மன்னார்க்காரன், கத்தோலிக்கன். வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை. வெளியே குளிரில் நிற்பானேன் என்று உள்ளே வந்து கடைசி வரிசையில் கைகட்டி இருப்பான். ஒரு நவராத்திரிப் பூசையில் நான் 'சாந்தி, சாந்தி, சாந்தி' என்று முடித்து மூச்சு விட்டேன். பின்னாலிருந்து கணீரென்று "ஆமென்!" என்றான். பழக்கதோஷம். சின்னப் பிள்ளைகளுக்கு அது பிடித்துப் போனது. அடுத்த மந்திரத்துக்கு அவர்கள் சொன்னார்கள். அதற்கடுத்ததற்குத் தாய்மார் சொன்னார்கள். தீபாராதனைக்கு மண்டபமே சொன்னது.

காரில் ஏறியதும் அவனுக்கு நல்ல கிழி கிழிப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் பரமேஸ்வரி அக்கா பிரசாதத்தோடு நின்றா. எந்தப் பூசையையும் தவறவிடாத மனுசி. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"நல்லாய் இருந்தது ஐயா. பிறந்ததிலையிருந்து பூசைக்குப் போறன், இண்டைக்குத்தான் மந்திரம் எங்கை முடியுது எண்டு விளங்கினது."

சியாம கோத்திரம்

வில்லில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஊர்சுலா அம்மையார் யோகா படிப்பித்தார். மந்திரங்களை ஒரு கசெற்றிலிருந்து பாடமாக்கியவர். உணவகத்தில் ஒரு பூசைக்காரன் கோப்பை கழுவுகிறான் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாய்ச் சொல்லுறீங்கள், ஆனால் கொஞ்சம் தமிழ் உச்சரிப்பு அடிக்குது" என்றார். அவருடைய கசெற்றில் சொன்னவர் ஜெர்மன்காரர். நான் சண்டைக்குப் போகவில்லை. எழும்பும்போது ஒரு கேக் துண்டு தந்தார், வாங்கிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அவர் குசினிக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். அவருடைய பூனை மிஷி சாகக் கிடக்கிறதாம். நோய் தீர்க்கும் மந்திரம் சொல்ல வேண்டுமாம். பூனைக்கு மந்திரம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனுசிக்குத் துணையென்று உலகத்தில் இருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். கூடைக்குள் கம்பளித் துண்டில் மிஷி சுருண்டு கிடந்தது.

பழக்கத்தில் பேர், நட்சத்திரம், கோத்திரம் என்று கேட்டுவிட்டேன். பேர் மிஷி. நட்சத்திரம் தெரியாது என்றார். ஆனால் பிறந்த நேரம் தெரியும் என்று பூனையின் வம்சாவளிப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். தாய், தகப்பன், பாட்டன், பூட்டன், எல்லாருடைய பேரும், அவர்கள் வாங்கிய பரிசுகளும் அதில் இருந்தன. என் வம்சத்தில் எனக்குக்கூட அவ்வளவு தூரம் தெரியாது. "கோத்திரம் எண்டால் குலமோ? சியாமீஸ்" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சியாம கோத்ரோத்பவஸ்ய, மிஷி நாமதேயஸ்ய" என்று சங்கல்பம் செய்து, மிருத்யுஞ்சய மந்திரத்தைத் தொண்டை கட்டும்வரை சொன்னேன். பாதியில் விலங்கு வைத்தியரும் வந்து, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஊசி போட்டார்.

அடுத்த கிழமை ஊர்சுலா அம்மையார் பெரிய கேக்கோடு உணவகத்துக்கு வந்தார். மிஷி எழும்பி ஓடித் திரிகிறதாம். "வைத்தியர்தான் காப்பாற்றியிருப்பார்" என்று நான் அடக்கமாகச் சொன்னேன்.

"இரண்டு பேரும் ஒரே நாள்தான் வந்தீங்கள். ஆனால் மிஷி அவரைத்தானே கடிச்சது!"

ரைன் கரையில்

எல்லாம் சிரிப்பான ஞாயிறுகள் இல்லை. ஷாஃப்ஹவுசனில் குகன் என்று ஒரு பெடியன். ஊரில் தகப்பன் இறந்துபோனார். சண்டையால் செய்தி சுணங்கித்தான் வந்தது, அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போகவும் ஏலாது. 'நீ உன்ரை பங்குக்கு எள்ளுத் தண்ணி எண்டாலும் இறை, மோனை' என்று தாய் சொல்லியிருக்கிறா. அன்ரன் காரோட்ட, நானும் குகனும் ரைன் கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்கினோம். தண்ணீர் கணுக்காலை வெட்டியது. மந்திரத்தில் தகப்பன் பேர் வரும் இடத்தில் நிறுத்தி, "அப்பான்ரை பேரைச் சொல்லும்" என்றேன். அவன் கையிலிருந்த எள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லையாக்கும் என்று மறுபடி சொன்னேன். "நான் அப்பான்ரை பேரை ஒருநாளும் சொன்னதில்லை, ஐயா. சொன்னால் அடி விழும்" என்றான். பிறகு ஆற்றைப் பார்த்து, "கந்தையா" என்றான். ஒருமுறை சொன்னவன் நிறுத்தவில்லை. சத்தமாக, இன்னும் சத்தமாக, அழுது முடியும்வரை சொன்னான். நான் மந்திரத்தை நிறுத்திக்கொண்டேன். அப்போது அதைவிட எனக்கு வேறு மந்திரம் தெரியவில்லை.

கரையில் பிண்டம் வைத்துவிட்டுக் காகத்துக்குக் காத்திருந்தோம். காகம் இல்லை. வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய அன்னம் வந்து, வாத்துகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, கரையேறிப் பிண்டத்தை எடுத்தது. அன்னம் எடுத்தால் சேருமா என்று அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை. குகன் கேட்டால் என்ன சொல்வது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவன் தகப்பன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்த குகன், மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரித்தான்.

"வெள்ளைச் சட்டை, நிமிந்த கழுத்து, லைனிலை நிக்கிற சனத்தைத் தள்ளிக்கொண்டு வாற நடை... அப்பாதான், ஐயா."

மாப்பிள்ளையும் நான், ஐயரும் நான்

எனக்கும் கலியாணம் வந்தது. பெண் சாவித்திரி, ஊரில் ஒரு குருக்களின் மகள். பாடுபட்டு சுவிஸுக்கு வந்து சேர்ந்தாள். நகரசபையில் பதிவும் முடிந்தது. ஆனால் மாமனார் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மந்திரம் சொல்லித் தாலி ஏறும்வரை பிள்ளை மாப்பிள்ளை வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது. ஆகவே அவளைக் கனகசபை மாஸ்ரர் வீட்டில் தங்கவைத்தோம். ஜெர்மனியிலிருந்து வருவதாக இருந்த ஐயருக்கு எல்லை தாண்ட விசா கிடைக்கவில்லை. நாள் வைத்தாயிற்று, மண்டபம் எடுத்தாயிற்று, சமையலுக்கு வெங்காயமும் உரித்தாயிற்று. நாங்கள் அறிந்தவரையில் கைவசம் இருந்த ஒரே ஐயர் மணவறையில் மாப்பிள்ளையாக இருக்கவேண்டியவர்.

யோசனை அன்ரனுடையது. முழுக் கலியாணத்தையும் என் குரலிலேயே கசெற்றில் பதிவது, அவன் பொத்தானை அமத்துவது. கோயிலில் கேட்பதுபோல எதிரொலிக்கவேண்டும் என்று குளியலறைக்குள் இருந்து பதிந்தேன். மந்திரங்களுக்கு நடுவே வழக்கம்போல மாப்பிள்ளைக்கு அறிவுறுத்தல்களும் சொல்லிவைத்தேன். அந்த மாப்பிள்ளை நான்தான் என்பது பதியும்போது உறைக்கவில்லை.

மணவறையில் உறைத்தது. "மாப்பிள்ளை, நேரே இருங்கோ" என்றது கசெற் பெட்டி. நேரே இருந்தேன். "மாப்பிள்ளை, அங்கை இங்கை பாக்காமல் பூவைப் போடுங்கோ." போட்டேன். சபை சிரிக்கத் தொடங்கியது. தாலியைக் கையில் எடுத்த நேரம் அன்ரன் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைக்கப் போய்விட்டான். பொத்தானில் கை இல்லை. நான் முதல் முடிச்சில் நிற்கும்போதே என் குரல், "தாலி கட்டியாச்சு, பெண்ணின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு எழும்புங்கோ" என்று அவசரப்படுத்தியது. பதறி எழும்பப் பார்த்தேன். தாலி சரிந்தது. சாவித்திரி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினாள். அன்ரன் ஓடிவந்து கசெற்றைப் பின்னுக்குச் சுற்றினான். பெட்டிக்குள் நாடா சிக்கி, என் குரல் பாதாளத்திலிருந்து வருவதுபோல இழுபட்டு நின்றுவிட்டது.

மாஸ்ரர் கையைத் திருப்பி மணிக்கூட்டைக் காட்டினார், நல்ல நேரம் முடியப்போகிறது. தாலி கட்டும் மந்திரத்தை நானே சொல்லிவிடலாம், எத்தனையோ பேருக்குச் சொன்னதுதானே. வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. தலைக்குள் வெறும் வெளிச்சம். ஊரிலிருந்து கடல் தாண்டி வந்த பிள்ளையின் கழுத்தில் ஒரு முடிச்சோடு தாலி தொங்குகிறது, நான் மீன்போல வாயைத் திறந்து மூடுகிறேன். அப்போது தலை குனிந்திருந்த சாவித்திரி, உதடு அசையாமல், மெல்ல எடுத்துக்கொடுத்தாள்: "மாங்கல்யம் தந்துநானேன..." அந்த நுனியைப் பிடித்தேன். மிச்சம் தானாக வந்தது. மண்டபம் அதிரச் சொல்லி மற்ற முடிச்சுகளையும் போட்டேன். பூமழை கொட்டியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில், மனைவியாக அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை இது:

"எங்கடை வீட்டுக்கு ஐயர் ஒராள் போதும். அது ஆர் எண்டு பிறகு கதைப்பம்."

இத்தனை வருடத் தொழிலில் தேவர்களிடமிருந்து எனக்கு ஒரு முறைப்பாடும் வந்ததில்லை என்பதை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குறை சொல்லும் அன்பர்கள் எல்லாரும் தயவுசெய்து கவனிக்கவும்.